முருகையா கழற்றிய கொக்கி

அந்தமானில், போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் எங்கள் வீட்டுக்கும் முருகையா அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வேலிக்கு அப்பால் இரும்பில் எமரித் தாள் தேய்கிற சத்தம் கேட்கும். எனக்குப் பல் கூசும். "அண்ணே, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அதுபோல நல்லா இருக்கிற சாமானை எதுக்குத் தேய்க்கிறீங்க?" என்று கேட்பேன். அவர் கோபிக்க மாட்டார். கையில் இருப்பதைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு பட்டாணி அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு, கண்ணாடிபோல மின்னும்.

அவருடைய பைத்தியம் ஏர் கன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் பார்சலாக வரும் மலிவான ஏர் கன். லைசென்ஸ் கேட்காத வகை. தென்னை மரத்தில் ஏறி இளநீரைக் கடிக்கும் எலியை அடிக்கவும், கருவாட்டைத் தூக்க வரும் காக்கையை விரட்டவும் இங்கே பல வீடுகளில் அது இருக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு சாமான், மழைக்கோட்டோடு ஆணியில் தொங்கும். முருகையா அண்ணன் மட்டும் அதைப் பிரித்து, டிரிகர் இலேசாக அசையும்படி உள்துண்டுகளைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, கம்பெனி கொடுத்த மட்டமான கைப்பிடிக் கட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு, மர மில்லில் வாங்கிய படாக் துண்டில் புதுக் கட்டை செதுக்கி மாட்டுவார். சிவந்த மரம் அவர் கையில் வழுவழுவென்று ஆகிவிடும். அது அழகாக இருக்கும் என்பதை எனக்கு இப்போதுகூட மறைக்கத் தெரியவில்லை.

ஊரில் இது பரவியது. கராச்சர்மாவிலிருந்தும் ஷாதிபூரிலிருந்தும் ஆட்கள் தங்கள் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அண்ணன் யாரிடமும் கை நீட்டியதில்லை. வாங்கிப் போகிறவன் அங்கேயே ஒருமுறை டிரிகரை அமுக்கிவிட்டு, "முருகையா பாய், ஏக்தம் மக்கன்" என்று சொன்னால் போதும். வெண்ணெய் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வாரம் முழுக்க உட்கார்ந்து தேய்ப்பார். சொர்ணம்மா மதினி, "வீட்ல கொழாய் ஒழுகுது, அதப் பாக்க நேரமில்ல" என்று முனகிக்கொண்டே டீ போட்டுக் கொடுக்கும்.

அண்ணன் கச்சாலில் பிறந்தவர். சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். சுனாமியில் அவருடைய அம்மாவும் தம்பியும் போனார்கள். இரண்டு பேருடைய உடம்பும் கிடைக்கவில்லை. மதினியையும் பால்குடி மறக்காத மகள் ஷீலாவையும் தூக்கிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்தவர், ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் பழுது பார்க்கும் கவர்மென்ட் பட்டறையில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்து நிரந்தரமானார். நான் அங்கேயே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிறவள். எங்கள் அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர். ஆக, அண்ணனும் நானும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம்.

ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன், ஏன் இந்தத் துப்பாக்கிப் பித்து என்று. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்குக் கடல் எங்கள ஒண்ணும் கேக்கல தங்கச்சி. அது பாட்டுக்கு வந்துச்சு, எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. இது அப்பிடியில்ல. நான் நெனச்சாத்தான் அசையும். நெனச்ச ஒடனே அசையணும், அதுக்குத்தான் தேய்க்கிறது."

அந்தப் பதிலுக்காகவே அதன்பிறகு எமரித் தாள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

டிரிகரைத் தேய்ப்பதோடு அவர் இன்னொன்றும் செய்வார். இந்த வகைத் துப்பாக்கியை நடுவில் மடக்க வேண்டும். குழலைக் கீழே இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகி நிற்கும். மடங்கியிருக்கும்போதே குழலின் வாயில் விரலால் குண்டை வைத்து, பிறகு மூட வேண்டும். மடங்கியிருக்கும் நேரத்தில் டிரிகர் விடுபட்டால் குழல் பாய்ந்து மேலே வந்து அறையும். நடுவில் விரல் இருந்தால் அவ்வளவுதான். அதற்காகத்தான் உள்ளே ஒரு சின்னக் கொக்கி வைத்துக் கொடுக்கிறார்கள். குழலை மூடுகிற வரைக்கும் அது டிரிகரை அசையவிடாது.

நம் தீவுக் காற்றில் அந்தக் கொக்கி முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். பிடித்தால், குழலை மூடிய பிறகும் விடாது. எலி எதிரே உட்கார்ந்திருக்கும், துப்பாக்கி அசையாது. வருகிறவர்களெல்லாம் இதைத்தான் குறை சொல்லுவார்கள். அண்ணன் அதற்கு ஒரே வைத்தியம் வைத்திருந்தார். கொக்கியைக் கழற்றிவிடுவார். கழற்றியதை ஒரு பழைய பால் பவுடர் டின்னில் போடுவார். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "குண்டு போடுற வரைக்கும் கொழல விடாத, இறுக்கிப் புடிச்சுக்க" என்று எல்லோரிடமும் சொல்லுவார். சொல்லிவிட்டதால் தன் கடமை முடிந்தது என்று நினைத்தார்.

இதில் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. பட்டறையில் சாமான் தூக்கும் விஞ்சுக்கும் இப்படி ஒரு கொக்கி இருக்கிறது. பாரம் தொங்கும்போது பல்சக்கரம் பின்னால் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை கோவிந்தராஜ் என்ற ஃபிட்டர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அந்தக் கொக்கியைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டான். அண்ணன் அதைப் பார்த்து ஜெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "கை போச்சுன்னா ஒங்கப்பன் திருப்பித் தருவானா?" என்று அவன் சட்டையைப் பிடித்தார். நான் கவுன்ட்டரிலிருந்து எட்டிப் பார்த்தேன். பார்த்து, மனிதர் தொழிலில் எவ்வளவு கறார் என்று மெச்சவும் செய்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது பிறகுதான் உறைத்தது.

ஷீலா வளர்ந்து இருபத்திரண்டு வயதுப் பெண் ஆனாள். அந்தமான் போலீஸில் கான்ஸ்டபிள் ஆவது ஒன்றுதான் அவளுக்குக் குறி. விடிகாலையில் ஸ்டேடியத்துக்கு ஓடப் போவாள். முதல் வருடம் ஓட்டத்தில் தோற்றாள், அடுத்த வருடம் எழுத்துத் தேர்வில். மூன்றாவது தடவை இரண்டும் முடிந்து பட்டியலில் பெயர் வந்துவிட்டது. மெடிக்கலும், ஆளைப் பற்றிப் போலீஸ் கொடுக்கும் விசாரணை அறிக்கையும்தான் பாக்கி. வயது வரம்பில் அதுவே கடைசி வாய்ப்பு. இங்கே கவர்மென்ட் வேலை இல்லாத பெண்ணுக்கு மிச்சம் இருப்பது கடை கவுன்ட்டர், இல்லையென்றால் டூரிஸ்ட் லாட்ஜ். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"உமா அத்தே, யூனிஃபார்ம் போட்டதும் ஃபர்ஸ்ட் உங்க கவுன்ட்டர்தான் ரெய்டு. பிளாக்ல டிக்கெட் விக்கிறீங்கல்ல?" என்று வேலிக்கு மேல் தலையை நீட்டிச் சீண்டுவாள்.

"வாடி, மொதல்ல லைன்ல நில்லு, அப்புறம் ரெய்டு பண்ணலாம்" என்பேன்.

மெடிக்கலுக்கு அழைப்பு வந்த வாரம் அண்ணன் மகளுக்கு ஏதாவது செய்ய நினைத்தார். மற்ற அப்பாக்கள் வாட்சோ சுடிதாரோ வாங்குவார்கள். இவர் அவள் எப்போதும் எடுக்கிற, கொக்கியை முன்பே கழற்றிவிட்ட துப்பாக்கியைப் பிரித்து, டிரிகரை இன்னும் கொஞ்சம் தேய்த்தார். எடுக்கும்போது தானே தெரிந்துகொண்டு சிரிப்பாள் என்று அவளிடம் சொல்லாமல் ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று எனக்கு விடுமுறை. மதினி சமையல்கட்டுத் தகரத்தின் மேல் நெத்திலி காயப் போட்டிருந்தது. காக்கை வந்தது. ஷீலா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்தாள். அப்பா சொன்ன முறைப்படிதான் செய்தாள். குழலை மடக்கினாள், இடது கையால் இறுக்கிப் பிடித்தாள், வலது ஆள்காட்டி விரலால் குண்டை வைத்தாள். துப்பாக்கி மடியில் கிடந்தது. துப்பட்டா மடிப்பு பட்டதோ முழங்கால் பட்டதோ, புதிதாகத் தேய்த்த டிரிகருக்கு அதுவே போதுமாக இருந்தது. பிடித்திருந்த கை அந்த ஸ்பிரிங்கைத் தாங்கவில்லை.

நான் வேலியைச் சுற்றி ஓடியபோது அவள் கத்தவில்லை. விரல் குழல் மடங்கும் இடுக்கில் கடிபட்டு நின்றது. மதினிதான் கத்திக்கொண்டிருந்தது. நானும் பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமியும் குழலை இழுத்து மடக்கி விரலை எடுத்தோம். ஆட்டோவில் போகும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத்தே, இது மடங்குமா? மெடிக்கல்ல மடக்கச் சொல்லுவாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மடங்கும்டி" என்றேன். எனக்கு என்ன தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றே ஆபரேஷன் செய்தார்கள். விரலைக் காப்பாற்றியாகிவிட்டது, எலும்பு சேரும், பயிற்சி செய்தால் சில மாதத்தில் மடங்கவும் செய்யும் என்றார் டாக்டர். மெடிக்கலைத் தள்ளிவைக்க எழுதிக் கேட்கலாம், கொடுப்பார்கள் என்றும் சொன்னார். அண்ணன் பட்டறை உடுப்போடு வந்து நின்றவர், அதைக் கேட்டு அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் பாதி உயிர் திரும்பியது.

துப்பாக்கிக் காயம் என்பதால் மறுநாள் போலீஸ் வந்தது. வந்தவர் அன்பழகன் என்ற ஹெட் கான்ஸ்டபிள், நம் ஆள், கடலூர்ப் பக்கம். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மதினியும் நானும் சுவரோரம்.

"இதோ பாரும்மா" என்றார் அன்பழகன். "துப்பாக்கில கோளாறா, நீ புடிச்சதுல கோளாறா? ரெண்டுல ஒண்ணுதான் நான் எழுத முடியும். துப்பாக்கில யாரோ கை வச்சிருக்காங்கன்னா, வச்சவன் மேல கேஸ் வரும். நீ புடிச்சதுலன்னா, ஆயுதத்த அஜாக்கிரதையா கையாண்டதா எழுதணும். நீ டிபார்ட்மென்ட்டுக்கு வரப்போற பொண்ணு. அந்த வார்த்தை உன் ஃபைல்ல நிக்கும். ஜல்தி இல்ல, யோசிச்சுச் சொல்லு."

இதைவிட வெளிப்படையாக ஒரு போலீஸ்காரர் சொல்ல முடியாது. அவருக்குத் துப்பாக்கியைப் பார்த்ததுமே விஷயம் விளங்கியிருந்தது. கராச்சர்மாவில் படாக் கட்டை மாட்டிய ஏர் கன் யார் கை வேலை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஷீலா அப்பாவைப் பார்த்தாள்.

அண்ணன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு ஒருமுறை அசைந்தது. கேஸ் என்றால் சஸ்பெண்ட், சஸ்பெண்ட் என்றால் வீடு என்ன ஆகும் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் வாயைத் திறக்கப் போனேன். மதினி என் முழங்கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தியது. வார்டில் யாரோ இருமினார்கள். ஷீலா இன்னும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குனிந்துகொண்டார்.

"என் தப்புதான் சார்" என்றாள் ஷீலா. "மடக்கும்போதே டிரிகர்ல கை பட்டிருச்சு."

அன்பழகன் பேனாவைத் திறந்து எழுதினார். அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வராந்தாவில் அண்ணன் என்னிடம், "பாத்தியா தங்கச்சி, எம்புள்ள என்னைய விட்டுக் குடுக்கல" என்றார். கண்ணில் தண்ணீர். அவர் கன்னத்தில் ஓர் அறை வைக்க வேண்டும்போல எனக்கு இருந்தது. வயதில் மூத்தவர் என்று விட்டேன்.

பிறகு ஷீலா அந்த விரலை மடக்கப் பழகினாள். ரப்பர் பந்தை அமுக்குவாள், வெந்நீரில் வைப்பாள், மறுபடி அமுக்குவாள். வேலிக்கு இந்தப் பக்கம் எமரித் தாள் சத்தத்துக்குப் பதிலாக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது கேட்டது. அண்ணன் துப்பாக்கி எதையும் தொடவில்லை. தான் கை வைத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக் கொக்கியை மாட்டிவிடப் போவதாகச் சொல்லி, பால் பவுடர் டின்னோடு வீடு வீடாகப் போனார். ஷாதிபூரில் கோழிக்கடை வைத்திருக்கும் சுதாகர் வீட்டுக்கு நானும் பஸ் இறங்கிக் கூடப் போனேன்.

"அரே, எதுக்கு பாய்?" என்றான் சுதாகர். "மக்கன் மாதிரி இருக்கு. கொக்கி மாட்டினா திரும்பத் துரு பிடிக்கும். நீங்கதானே சொன்னீங்க?"

"எம்மவ கையப் பாத்தீல்ல?"

"அது அவங்க பிடிக்கத் தெரியாம பிடிச்சது. போலீஸ்லயே அப்படித்தான் எழுதியிருக்காமே."

அண்ணன் டின்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கொடுக்க மாட்டேன் என்று எல்லோரும் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். ஒரே ஒருவர் கொடுத்தார், அவருக்கும் துப்பாக்கி வேண்டாமாம், வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். டின்னைத் திறந்து பார்த்தால் உள்ளே கொக்கிகளெல்லாம் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எது எந்தத் துப்பாக்கியுடையது என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை.

தள்ளிவைத்த மெடிக்கல் வந்தது. டாக்டர்கள் அவளை விரலை மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள், ஒரு கைப்பிடியை இறுக்கச் சொன்னார்கள். எல்லாம் செய்தாள். ஃபிட் என்று எழுதினார்கள். அன்று மாலை அவள் பஸ்ஸிலிருந்து குதித்து என் வீட்டுக்குத்தான் முதலில் ஓடிவந்தாள். என் மூக்குக்கு முன்னால் அந்த விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். வடு சிவந்து கிடந்தது. நான் அதற்கு முத்தம் கொடுத்தேன். மதினி பாயசம் வைத்தது.

வேலை விசாரணை அறிக்கையில்தான் போனது. ஆயுதத்தை அஜாக்கிரதையாகக் கையாண்டு காயம் ஏற்படுத்திக்கொண்டவர், ஆயுதப் பொறுப்புள்ள பணிக்குப் பரிந்துரைக்க இயலாது என்று எழுதியிருந்தது. தபாலில் வந்த காகிதத்தை அவள் படித்து, மடித்து, டிவிக்கு அடியில் வைத்துவிட்டுத் துவைக்கப் போனாள்.

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு என் வாசலில் நின்றார். "போலீஸ் ஸ்டேசனுக்குப் போறேன். கூட வா தங்கச்சி. எனக்குப் பேச்சு கொழறும்" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்வரை வந்தது. ஆனாலும், வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு மனிதன் கிளம்பி நிற்கும்போது அதைச் சொல்ல மனம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

அன்பழகன் எங்களை உட்காரச் சொன்னார். அண்ணன் டின்னை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். கொக்கி, டிரிகர், மகளுக்குச் சொல்லாமல் மறுபடி தேய்த்தது, எதையும் விடவில்லை. "எம்மேல கேஸ் போடுங்க. புள்ள பேர்ல எழுதுனத அடிச்சிருங்க" என்று கும்பிட்டார்.

அன்பழகன் டின்னுக்குள் பார்த்தார், மூடினார்.

"அடிக்க முடியாது பெரியவரே. அது அவ சொன்னது, அவ கையெழுத்து. இப்ப நீங்க சொல்றத நான் எழுதினா, அன்னைக்கு அவ போலீஸ்கிட்ட பொய் சொன்னான்னு ஆகும். அஜாக்கிரதைன்னா இந்த வேலை மட்டும்தான் போச்சு. பொய் வாக்குமூலம்னா வேற எந்த கவர்மென்ட் வேலைக்கும் அவ போக முடியாது."

"அப்ப நான் என்னா செய்ய?"

"அன்னைக்குக் கேட்டேனே" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. "நான் உங்களையும் பாத்துத்தான் கேட்டேன். வீட்டுக்குப் போங்க."

பஸ்ஸில் அண்ணன் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது கடகடத்தது. எனக்கு அவர்மேல் இரக்கமும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன.

ஷீலா வாசலில் நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்தாள். மதினி நாங்கள் போன இடத்தைச் சொல்லியிருந்தது. அண்ணன் அவள் முன்னால் நின்று, "முடியாதுன்னுட்டாங்கம்மா" என்றார். "அன்னைக்கு நீ என்னையக் காப்பாத்தணும்னு சொல்லிட்ட. நான் சும்மா இருந்திருக்கக்கூடாது."

ஷீலா மீனை ஒவ்வொன்றாகத் திருப்பிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அந்த விரல் நன்றாகவே மடங்கியது.

"காப்பாத்தணும்னு நான் நெனைக்கலப்பா" என்றாள். "நீங்க சொல்லுவீங்கன்னுதான் உங்களப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். நீங்க குனிஞ்சுட்டீங்க. வேற யாராச்சும் ஒருத்தர் சொல்லணுமே, அதான் நான் சொன்னேன்."

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தார். அவள் கை நிறுத்தாமல் வரிசை முடித்து, கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த மாதம் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். அப்பாவோடு பேசாமல் இல்லை. சாப்பாடு போடுவாள், மழை வந்தால் குடையை நீட்டுவாள். எதையாவது கேட்டால் பதில் சொல்லுவாள். அவர் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.